குடிக்காதவளின் ஈரல்

அம்மாவின் வயிறு பெருக்கத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தவர்கள் எங்கள் சந்துப் பெண்கள்தான். பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் பக்கம் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வருகிற காலையில் சந்து முழுக்கக் குடங்கள் நிற்கும். எல்லோரும் குனிந்து நிமிர்கிற இடம் அது. அங்கே யாருடைய உடம்பும் ரகசியமாக இருக்க முடியாது.

“இன்னாக்கா, விசேஷமா?” என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். அம்மாவைவிடச் சில வயது இளையவர். வாய் கொஞ்சம் நீளம், உதவும் கையும் அதே நீளம். “பையன் ஆபீஸ் போறான். நீ இப்பத்தான் தொட்டில் கட்டப் போறியா?”

“ஆமாண்டி. பேரு வெக்க ஒன்னத்தான் கூப்புடப் போறேன்.”

சந்தே சிரித்தது. படியில் குடத்தோடு நின்றிருந்த நானும் சிரித்தேன்.

அம்மாவின் கைகள் குச்சியாகிக்கொண்டே போயின. வயிறு மட்டும் முன்னால் வந்துகொண்டிருந்தது. கோரமங்களாவில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்த்தாள். குனிந்து அடுப்படியைத் துடைக்க முடியவில்லை என்றாள். பக்கத்து கிளினிக்கில் ‘கேஸ்’ என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பைக் கழற்றியபோது அதன் வார் பதிந்த தடம் பாதத்தில் வாய்க்கால் மாதிரி கிடந்தது. நான் என் கட்டைவிரலால் அவள் கணுக்காலுக்கு மேல் அழுத்தி எடுத்தேன். விழுந்த குழி அப்படியே நின்றது. ரொட்டி மாவில் விரல் வைத்ததுபோல.

“விடுடா, கூச்சமா இருக்குது” என்று காலை இழுத்துக்கொண்டாள்.

கண்கள் மஞ்சளானது அதற்குப் பிறகுதான். அதோடு எங்கள் வீட்டில் ஒரு நிம்மதி வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது: மஞ்சக்காமாலை. மஞ்சக்காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது என்பது எங்கள் வீட்டில் மட்டுமல்ல, சந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்பா கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். கோலார் தங்க வயலில், சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில் பிறந்து, சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வந்தவர். கூட வேலை செய்கிறவர் சொன்னார் என்று, சர்ஜாபூர் சாலையில் ஒரு மருந்துக்காரரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன்.

மருந்துக்காரர் அம்மாவின் உள்ளங்கையில் ஏதோ பட்டைச் சாற்றைத் தடவி, சுண்ணாம்புத் தண்ணீர் இருந்த பாத்திரத்தில் கழுவச் சொன்னார். தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாகியது. “பாத்தீங்களா, இறங்குது” என்றார். அப்பா கும்பிட்டார். பத்தாவதில் படித்த வேதியியல் என் மண்டைக்குள் அரித்தது. “அப்பா கையிலயும் தடவுங்களேன்” என்றேன். மருந்துக்காரர் முறைத்தார். ஆனால் அப்பாவுக்கே ஆசை வந்துவிட்டது, கையை நீட்டினார். அவர் கழுவிய தண்ணீரும் அதே மஞ்சள்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மருந்துக்காரர் அசரவில்லை. “ஒனக்கும் இருக்குது நைனா. தண்ணி அடிப்பியா?”

அப்பாவின் முகம் செத்துவிட்டது. அவர் அடிப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வேலை முடிந்து வரும் வழியில் பாக்கெட் சாராயம், அதை அரசாங்கம் தடை செய்தபின் குவார்ட்டர். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா என் காதில், “பாவம்டா, பயந்துட்டாரு” என்றாள்.

அதற்குப் பிறகு பத்தியம். உப்பில்லை, எண்ணெயில்லை, முட்டையில்லை, பருப்புகூட இல்லை. வெறும் கஞ்சி. அம்மா பத்தியத்தை விரதம் மாதிரிப் பிடித்தாள். தோள் எலும்பு ரவிக்கைக்கு மேல் துருத்தியது. வயிறு மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கப் பழகினாள். அதைப் பார்த்தபின் ஒருநாள் வைட்ஃபீல்டில் என் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, யார் பேச்சையும் கேட்காமல், பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

ஈரல் நோய் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். கழுத்தில், மார்பில் சிலந்திக் கால் மாதிரி ஓடிய சிவப்பு நரம்புகளைப் பார்த்தார். உள்ளங்கையின் சிவப்பைப் பார்த்தார். வயிற்றின் பக்கவாட்டில் விரலால் தட்டிக் கேட்டார். அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து மறுபடி தட்டினார். சத்தம் இடம் மாறியதை என்னாலும் கேட்க முடிந்தது. உள்ளே தண்ணீர் இருக்கிறது என்றார். பிறகு கன்னடத்தில் கேட்டார்:

“குடியோ அப்யாச இதியாம்மா?”

குடிக்கிற பழக்கம் உண்டா என்று. அம்மாவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். ஆனாலும் புரியாதவள்போல என்னைப் பார்த்தாள். பிறகு புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“எல்லாரையும் கேட்கிற கேள்விதான்மா. கேட்காமல் இருக்க முடியாது” என்று டாக்டர் தமிழுக்கு மாறினார். அப்பாவின் பக்கம் திரும்பினார். அப்பா எழுந்து நின்றார்.

“குடிக்கிறது நான் மேடம்.”

“எவ்வளவு நாளா?”

“கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து.”

டாக்டர் அவர் கண்ணையும் பார்த்துவிட்டு, அவர் பெயரிலும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார்.

ஸ்கேன் அறையில் அம்மாவின் ஈரல் சுருங்கி, மேல்பரப்பு மேடும் பள்ளமுமாக இருப்பதாகவும், மண்ணீரல் பெரிதாக வீங்கியிருப்பதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். வயிற்றிலிருந்து ஊசியால் கொஞ்சம் தண்ணீர் எடுத்தார்கள். அது ஈரலால் சேர்ந்த தண்ணீரா, காச நோயாலா, புற்றாலா என்று அந்தத் தண்ணீரே சொல்லுமாம். ரத்தம் குழல் குழலாகப் போனது. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எல்லாத் தாளும் என் கையில்தான் வரும். “இன்னா போட்டுக்குது, படி” என்பார் அப்பா. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் தடித்த ஆங்கில எழுத்து இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியும்; அர்த்தம் தெரியாது. அதைச் சொன்னால் அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன். மஞ்சள் என்பது நோயே இல்லை, ஓர் அடையாளம். ஈரல் பலவிதமாகக் கெடலாம். குடியால், பி, சி வகை வைரஸால், சர்க்கரையோடும் கொழுப்போடும், பிறவிக் கோளாறால், சில மருந்துகளால், நாட்டு மருந்துகளாலும்கூட. காரணம் எதுவானாலும் நெடுநாள் புண்பட்ட ஈரல் தழும்பாகிப் போகும். தழும்பேறிய ஈரலுக்குள் ரத்தம் எளிதாக நுழையாது. அழுத்தம் கூடி நீர் வயிற்றில் கசியும். நீரை ரத்தத்துக்குள்ளேயே பிடித்து வைக்கும் சத்தையும், ரத்தத்தை உறைய வைக்கும் சத்தையும் ஈரல்தான் செய்கிறது, அதுவும் குறைந்துவிடும். இவ்வளவு நடந்தும் ஈரல் வலிக்காது. அதனால்தான் ஆட்கள் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்.

“தழும்பு ஆறுமா?”

“காரணம் தெரிஞ்சா, அதை நிறுத்தினா, கொஞ்சம் நம்பிக்கை இருக்கு. தெரியலைன்னா மாற்று ஈரல்தான் பேசணும். அதனாலதான் இவ்வளவு டெஸ்ட்.”

வீட்டுக்கு வந்து இதை எப்படிச் சொல்வது என்று தடுமாறியபோது அப்பாவே சொன்னார். “செவுத்துல ஓதம் மாதிரி. மேல பெயிண்ட் அடிச்சா போவாது. எங்க ஒழுவுதுன்னு பாக்கணும். அதானே?”

“அதான்ப்பா.”

பத்தியத்தில் உப்பைக் குறைத்தது மட்டும் சரி, மற்றதெல்லாம் தவறு. முட்டையும் பருப்பும் கட்டாயம் என்றார் டாக்டர். அம்மா அதில் ‘சரி’ என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். “பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாங்க” என்று எனக்கு முன்னால் முட்டையைத் தள்ளி வைத்தாள்.

பி, சி வைரஸ் இல்லை. சர்க்கரை இல்லை. அப்பாவின் முடிவும் வந்தது. ஈரலில் கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். குடியை இப்போதே விட்டால் நல்லது, இன்னும் கெட்டுப்போகவில்லை என்றார் டாக்டர். கேட்டுவிட்டு வெளியே வந்த அப்பா ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல சேதியைக் கேட்டு ஒரு மனுஷன் அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை.

“இன்னாடா நியாயம் இது? ஊத்தினவன் நானு. எனக்குல்ல வந்திருக்கணும்? எப்பிடிடா அவளுக்குப் போச்சு?”

“அது அப்படியெல்லாம் போவாதுப்பா.”

“ஒனக்கு இன்னா தெரியும்?”

இந்தச் சமயத்தில்தான் அம்மா அந்தப் பொய்யைச் சொன்னாள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று எதிர்வீட்டு அக்கா கேட்டிருக்கிறார். “கர்ப்பப்பையில கட்டியாம்” என்றிருக்கிறாள் அம்மா. எங்கள் சந்தில் ஈரல் போயிற்று என்றால் ஒரே அர்த்தம்தான். குடித்து ஈரல் போய்ச் செத்த ஆண்களை எல்லோருக்கும் தெரியும். பொம்பளைக்கு ஈரல் போயிற்று என்றால் அப்புறம் அவளைப் பற்றிப் பேச வேறு பேச்சே தேவையில்லை. கர்ப்பப்பைக் கட்டியோ மரியாதையான நோய். சந்தில் இரண்டு பேர் அதற்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அவர்கள் வந்து உட்கார்ந்து கதை கதையாகச் சொன்னார்கள். தையல் எப்படிப் பிரித்தார்கள், எப்போது குடம் தூக்கலாம் என்றெல்லாம். இல்லாத நோய்க்கு அம்மாவுக்குத் துணை கிடைத்துவிட்டது. இருக்கிற நோய்க்கு நாங்கள் மூன்று பேர்தான்.

“ஏம்மா இப்பிடிச் சொன்ன?”

“ஒனக்கென்ன, ஏசி பஸ்ல போய் வர்றே. இங்க கொடம் பிடிக்கிறது நானு.”

அடுத்த கட்டமாக, ஈரலிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ரத்தத்தில் சில எதிர்ப்புப் பொருட்கள் கூடுதலாக இருந்தன. உடம்பைக் காக்கிற படையே ஈரலை எதிரியென்று நினைத்துத் தாக்குகிற ஒரு நோய் உண்டு. பெண்களுக்கு அதிகம் வருவது. அதுதான் என்று தெரிந்தால் மாத்திரை இருக்கிறது. வயிற்றில் தண்ணீர் நிற்பதாலும் ரத்தம் சரியாக உறையாததாலும் விலாவில் ஊசி போட முடியாது. கழுத்து நரம்பு வழியாக மெல்லிய குழாயை விட்டு ஈரலுக்குப் போவார்கள்.

“கழுத்து வழியா ஈரலுக்கா?” அப்பா சிரித்தேவிட்டார். “எம்ஜி ரோட்டுக்குப் போறதுக்கு மைசூர் சுத்திப் போவானா?”

அம்மா சிரிக்கவில்லை. சதையைக் கிள்ளினால் நோய் பரவிவிடும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். கெஞ்சினேன். கத்தினேன். “நீ படிச்சவன்டா, எனக்கு ஈரக்கொல நடுங்குது” என்றாள். அந்தச் சொல்லிலும் ஈரல்தான் இருக்கிறது என்பது சொன்ன பிறகே அவளுக்கு உறைத்தது. பிறகு, சரி என்று தலையாட்டினாள்.

சதை எடுக்கிற நாள் வருவதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நான் வைட்ஃபீல்டில் இருந்தேன். அப்பா எலஹங்காவில் ஏதோ ஒரு கட்டடத்தின் சாரத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் சுருண்டு கிடந்த அம்மாவை எதிர்வீட்டு அக்காதான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதே ஆஸ்பத்திரிதான். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் வேறு ஆள். என்ன நோய் என்று கேட்டபோது அக்கா, “கர்ப்பப்பைக் கட்டி சார்” என்றிருக்கிறார். அம்மாவுக்கு நினைவு இருந்தது. அவளையும் கேட்டிருக்கிறார்கள். அவள் கையை அக்கா பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள் அம்மா.

பெண்கள் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் மெட்ரோ, ஆட்டோ, ஓட்டம் என்று போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, பால் பொங்குது அடுப்பை அணை என்றாள்.

“லிவர்!” என்று அங்கிருந்த நர்ஸிடம் கத்தினேன். “லிவர் பேஷண்ட் மேடம்! வயித்துல தண்ணி இருக்குது. லிவர் டாக்டர்தான் பாக்குறாங்க!”

போனில் வைத்திருந்த ஸ்கேன் படத்தைக் காட்டினேன். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தண்ணீரை எடுத்துப் பார்த்தார்கள். அதில் கிருமி சேர்ந்திருந்தது. இந்த மாதிரி நோயாளிக்குக் காய்ச்சலும் வயிற்று வலியும் வந்தால் முதலில் செய்ய வேண்டியது அதுதானாம். இன்னும் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த பெண் டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எதிர்வீட்டு அக்கா சுவரோரம் நின்றிருந்தார். அவர் புடவையில் அம்மாவின் வாந்தி காய்ந்திருந்தது.

“லிவரா?” என்றார். “கர்ப்பப்பைன்னாளே?”

நான் ஸ்கேன் படத்தை மூடிப் போனைப் பையில் போட்டேன்.

“என்கிட்டயா மறைச்சா?” பிறகு குரலைத் தணித்து, “ஏன்டா… ஒங்கம்மா… எப்பவாச்சும்…” என்றார். முடிக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் வாய்ப்பக்கம் லேசாகப் போய்த் திரும்பியது.

அம்மா பிழைத்தாள். தெளிந்தாள். கழுத்து வழியாகச் சதையும் எடுத்தார்கள், கழுத்தில் ஒரு சின்ன பிளாஸ்திரியோடு வந்து, “இவ்ளோதானா?” என்றாள். முடிவு டாக்டர் சந்தேகப்பட்டதையே சொன்னது. உடம்பின் படை ஈரலைத் தாக்கும் நோய்தான். மாத்திரை ஆரம்பித்தார்கள். அதனால் முகம் கொஞ்சம் ஊதியது. மஞ்சள் குறைந்தது. மாற்று ஈரல் பேச்சை டாக்டர் முழுதாக விட்டுவிடவில்லை. இந்த மாத்திரைக்கு ஈரல் எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும் என்றார். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் முந்தின நாள் எனக்குச் சோறு இறங்காது.

வீடு திரும்பியபோது சந்துக்கு விஷயம் போய்விட்டிருந்தது. கர்ப்பப்பைக்காக வந்து உட்கார்ந்தவர்கள் வரவில்லை. தண்ணீர் வந்த காலையில் அம்மாவுக்குப் பதில் அப்பா குடத்தோடு இறங்கினார். நான் படியில் நின்றேன். வரிசையில் யாரோ, அவர் காதில் விழட்டும் என்றே சொன்னார்கள்: “குடிக்கிறது இவரு. ஈரல் போனது அந்தம்மாவுக்காம். நம்புற மாரியா இருக்குது?”

அப்பா குடத்தைக் கீழே வைத்தார். சண்டை வரப்போகிறது என்று இறங்கினேன்.

“என்னாலதான் போச்சு” என்றார். குரல் உயரவில்லை. “நான் குடிச்சிட்டு வந்து பண்ண ரகளையில அவ சோறு தின்னாம, தூங்காம கெடந்தா. ஈரல் வெந்து போச்சு. டாக்டரே சொல்லிட்டாங்க. போதுமா?”

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் சந்து உடனே நம்பியது. அவர்களுக்குத் தெரிந்த கணக்கோடு அது ஒத்துப்போனது. “நாசமாப் போறவனே, கட்டினவள இப்பிடிப் பண்ணிட்டியே” என்று ஒரு கிழவி காறித் துப்பினாள். அப்பா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். அவர் முறை வந்ததும் குடத்தை நிரப்பினார். நான் வாய் திறந்தேன். மேல்படியிலிருந்து அம்மா, “டேய், மேல வா” என்றாள்.

அன்று மாலையே சந்துப் பெண்கள் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். கூட்டமாக, ஆரஞ்சுப் பழத்தோடு.

“ஏன்ப்பா பொய் சொன்னே?” என்று பிறகு கேட்டேன்.

“பொய்யா?” என்றார் அப்பா. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அவர் குடிப்பதில்லை இப்போது. எவ்வளவு காலத்துக்கு என்று அம்மா பந்தயம் கட்டத் தயாராக இல்லை.

எதிர்வீட்டு அக்கா மட்டும் கூட்டத்தோடு வரவில்லை. தன்னிடமும் மறைத்தாள் என்ற கோபம். சில வாரங்கள் போயின. ஒரு ஞாயிறு மதியம் தனியாக வந்தார். அம்மா என் வற்புறுத்தலில் முட்டை தின்றுகொண்டிருந்தாள். அக்கா கதவோரம் உட்கார்ந்து, தண்ணீர் வராதது, வாடகை, எல்லாம் பேசினார். எழுந்து போகிறவர்போல நின்றவர், என்னிடம் கேட்டார்:

“எனக்கும் கொஞ்ச நாளா காலு வீங்குதுடா. ஆனா எங்க வூட்டுக்காரர் வாயில சொட்டு ஊத்தினதில்ல. ரகளையும் கெடையாது. அப்போ எனக்கு அது இல்லதானே?”

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். நான் அவளைப் பார்த்தேன். அப்பா சந்தில் எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொண்ட எச்சிலை நினைத்தேன். அந்தப் பேச்சால்தான் அம்மா இப்போது குடத்தோடு நிமிர்ந்து நடக்கிறாள்.

“அக்கா, அம்மாவுக்கு வந்தது அப்பாவால இல்ல” என்றேன். “குடிப் பழக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. குடிக்காதவங்களுக்கும் வரும். ஒங்க காலு வீங்குறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நின்னு நின்னு வேலை செஞ்சா வீங்கும், கிட்னியால வீங்கும். பாத்தாத்தான் தெரியும்.”

“அப்போ அவரு அன்னிக்கு…”

“எனக்காகச் சொன்னாரு” என்றாள் அம்மா.

அம்மா முட்டை ஒட்டியிருந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“ஒக்காரு. காலை நீட்டு.”

“சும்மா இரு அக்கா, கூச்சமா இருக்குது.”

“நீட்டுடி.”

அக்கா நீட்டினார். அம்மா கணுக்காலுக்கு மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நான் அவளுக்குச் செய்ததைப்போலவே, ஆனால் என்னைவிட நிதானமாக. பிறகு விரலை எடுத்தாள். குழி இருந்தது. அது மேலே வருகிறதா என்று மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.